வசந்தாவின் கையும் என் கச்சேரியும்

டேப் ரெக்கார்டருக்கு பேட்டரி வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். தொண்ணூத்தஞ்சுல ஒரு நாள், எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

என் பொண்டாட்டி வசந்தா மயிலாப்பூர்ல வீணை டீச்சர். மார்புல புற்றுநோய்னு இடது பக்கம் ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தா. வலிக்குப் பயந்து இடது கையைத் தூக்கவே மாட்டேன்னுட்டா.

"தூக்கிப் பழகலைன்னா தோள் இறுகிடும் சார். அப்புறம் வீணையை மறந்துட வேண்டியதுதான்"னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. "பிடிச்ச பாட்டா போட்டு விடுங்க. மனசு அதுல போனா வலி கொஞ்சம் அடங்கும்."

வீணை இல்லாத வசந்தாவா! பதறியடிச்சு பேட்டரி வாங்க ஓடினேன்.

அப்படிப் பதறினவன் நல்ல கடையில வாங்கியிருக்கணுமா இல்லையா? பாண்டி பஜார் பிளாட்பாரத்துல பேரம் பேசி வாங்கினேன். பெரிய கெட்டிக்காரன்!

டேப் ரெக்கார்டரைக் கட்டில் பக்கத்துல வெச்சு ஆன் பண்ணேன். ஒரு அம்மா பிரமாதமா பாடினாங்க. கொஞ்ச நேரத்துல ஆம்பளைக் குரல்ல பாடினாங்க. கீழ்ஸ்தாயி போலிருக்குன்னு நான் தலையை ஆட்டி ரசிச்சேன்.

வசந்தா பல்லைக் கடிச்சா. ஐயோ, வலி ஜாஸ்தியாயிடுச்சேன்னு சத்தத்தைக் கூட்டினேன்.

"நிறுத்துங்க! சுருதி பாதாளத்துக்குப் போய்க்கிட்டிருக்கு!"

அதுக்குள்ள பேட்டரியே உயிரை விட்டுடுச்சு.

பாட்டு நின்னா வலி வந்துடுமே! வேற வழி? தொண்டையைக் கனைச்சேன்.

வசந்தா முகம் வெளுத்துப் போச்சு. "வேணாங்க. எனக்கு வலியே பரவாயில்ல."

விடுவேனா! பல்லவியை எடுத்தேன்.

வார்டு ஆயா ஓடி வந்தாங்க. "இன்னா சார், அம்மாவுக்கு எதுனா ஆயிட்ச்சா? இந்தக் கத்து கத்துற!"

"இது சிகிச்சைம்மா!"ன்னுட்டு மேல்ஸ்தாயிக்குப் போனேன். போயிட்டேன், இறங்கத் தெரியல.

வசந்தாவோட வலது கையில டிரிப்ஸ் ஊசி. அதை அசைக்க முடியாது. படுக்கையை விட்டு எழும்பவே எழும்பாத இடது கை விருட்டுனு மேல வந்து என் வாயைப் பொத்துச்சு!

ரெண்டு பேரும் அப்படியே திகைச்சுப் போயிட்டோம்.

"வலிக்கலையா வசந்தா?"

"உயிர் போகுது. ஆனா உங்க பாட்டு அதுக்கும் மேல!"ன்னா. அவளுக்குச் சிரிப்பு தாங்கல. எனக்குச் சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு.

ஆயாவுக்குப் பின்னால நின்ன டாக்டரம்மா எல்லாத்தையும் பார்த்துட்டாங்க. "தினம் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாடுங்க சார்"னாங்க.

எனக்குப் பெருமை பிடிபடல.

"ஒண்ணு மட்டும் சார். கை முழுசா சரியாகிற வரைக்கும் யார்கிட்டயும் பாட்டு கத்துக்காதீங்க!"