ஒரு லிட்டருக்குப் பதினாறு புள்ளி நான்கு

பீளமேடு, கோயமுத்தூர்
15-6-1997, ஞாயிறு

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் வெள்ளியங்கிரி அவர்களுக்கு, பாலுசாமி வணங்கி எழுதுவது.

நலம் விசாரிப்பதற்கு முன்பே உறுதியான செய்தியைச் சொல்லிவிடுவது, முப்பத்துநான்கு வருட நிருபர் உத்தியோகம் எனக்குக் கொடுத்த பழக்கம். நேற்று சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு பத்துக்கு, அவிநாசி ரோட்டில் கணியூரைத் தாண்டிய இடத்தில், புதிய சிட்டு கார் ஒரு லிட்டர் பெட்ரோலில் பதினாறு புள்ளி நான்கு கிலோமீட்டர் ஓடி நின்றது. ஆதாரம், வண்டியிலுள்ள கிலோமீட்டர் மீட்டர். அதை நானும் டிரைவர் ஜபருல்லாவும் தனித்தனியாகப் படித்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒன்றே.

இனி நலம். நானும் சாந்தாமணியும் சௌக்கியம். இங்கே வந்திருக்கும் ராசாத்தாள் அக்கா எங்கள் வீட்டு இட்லி கல்லாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே காலையில் ஆறு சாப்பிட்டாள் என்பதால் அவளும் சௌக்கியம். பவானியில் நீங்களும் கடையும் ஜமுக்காளக் கட்டுகளும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் போன மாதம் எழுதிய கடிதம் என் எதிரில் இருக்கிறது. "லிட்டருக்கு இருபது குடுத்தா வாங்கறேன். பத்தொம்பதரைன்னா வேண்டாம். கம்பெனிக்காரன் பேச்சு எனக்கு வேண்டியதில்லை. நீ கண்ணுல பாத்து எழுத்துல குடு" என்று எழுதியிருந்தீர்கள். மச்சான், இதற்காக நான் உங்களுக்குப் பெரிதும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். என் பத்திரிகை ஆசிரியர்கூட என் செய்தியை இவ்வளவு நம்பியதில்லை. ஒருமுறை சிறுவாணி அணை நிரம்பியதை நேரில் பார்த்து எழுதி அனுப்பினேன். "யாரிடமாவது விசாரித்தீர்களா?" என்று கேட்டார். ஓய்வுபெற்று இரண்டு வருடமான ஒருவனை நம்பி ஒரு காரையே ஒப்படைக்கிறீர்கள் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

அதனாலேயே இந்தக் கடிதம் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த வண்டி யாருக்காக என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவுக்குப் பஸ் ஆகாது. பவானியில் ஏறினால் பக்கத்து ஊர் சித்தோடு வருவதற்குள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவாள். ரயில் மட்டும்தான் ஒத்துக்கொள்ளும். செவ்வந்தியை நீங்கள் கட்டிக்கொடுத்த ஆனைமலைக்கு ரயில் போவதில்லை. பெற்ற மகளின் வீட்டை அக்கா நான்கு வருடத்தில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். அந்த ஒருமுறையும் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். பேத்தியின் காதுகுத்துக்குப் போகவில்லை. போட்டோவில் பார்த்துவிட்டு, "தோடு கொஞ்சம் பெருசு" என்று மட்டும் சொன்னாள். சொந்தமாக வண்டி இருந்தால் முன்சீட்டில் உட்காரலாம், கண்ணாடியை இறக்கலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். உங்கள் இருபது கிலோமீட்டரில் தொங்கிக்கொண்டிருப்பது அவளுடைய ஆனைமலை.

வண்டியின் அறிமுக விழா வியாழக்கிழமை காலை நவஇந்தியா பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பழைய சிட்டு தீப்பெட்டி மாதிரி இருக்கும். புதியதை எல்லா மூலையிலும் உருட்டி, விளக்கைக் கண் மாதிரி வைத்து, எஞ்சினையும் மாற்றியிருக்கிறார்களாம். பின்கதவு மேல்பக்கமாகத் தூக்கித் திறக்கிறது. விற்பனை அதிகாரி சென்னகிருஷ்ணன், வெயிலிலும் டை கட்டிய பிள்ளை, மெட்ராசிலிருந்து எழுதிக் கொண்டுவந்த உரையைப் படித்தார். எரிபொருள் சிக்கனம், காற்றைக் கிழிக்கும் வடிவம் என்று பத்து நிமிடம் படித்துவிட்டு, கேள்விகள் உண்டா என்று கேட்டார். முதல் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "ஏனுங்க, பின்னால எத்தன மூட்ட மஞ்சள் புடிக்கும்?" என்றார். சென்னகிருஷ்ணன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் மஞ்சள் இல்லை. இன்னொருவர் போய் பானட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "தகரம் கொஞ்சம் எளசுங்க" என்று சபைக்கு அறிவித்தார். அதன்பிறகு வரிசையில் நின்று ஆளாளுக்குத் தட்டினார்கள். நானும் தட்டினேன். எளசுதான்.

விழா முடிந்ததும் நான் சென்னகிருஷ்ணனிடம் உங்கள் நிபந்தனையைச் சொல்லி, கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொன்னேன். மறுக்காமல் ஒத்துக்கொண்டார். டாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, அளந்த ஒரு லிட்டர் பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி, முன்சீட்டுக்கு எதிரே தொங்கவிட்டு, ரப்பர் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். பாட்டில் காலியாகி வண்டி நிற்கிற இடத்தில் கணக்கு. ஆள் ஏறாத வண்டியில் சோதித்தால் மச்சான் ஏற்கமாட்டார் என்றேன். "குடும்பத்தோடயே வாங்க சார்" என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். இது முக்கியம். பிற்பாடு நடந்த எதற்கும் நான் பொறுப்பில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. ஓட்டியவர் ஜபருல்லா, இருபது வருட அனுபவமுள்ள நிதானமான ஆள். முன்சீட்டில் அக்கா, கையில் எலுமிச்சம்பழம். பின்னால் நான், சாந்தாமணி, சென்னகிருஷ்ணன். சாந்தாமணி இருபது கிலோமீட்டர் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டியிருந்தாள். புளிசாதம் ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, பித்தளைக் குடத்தில் தண்ணீர். "வழியில நின்னுபோச்சுன்னா?" என்று கேட்டாள். நிற்பதுதானம்மா சோதனையே என்றார் சென்னகிருஷ்ணன். "பாத்தீங்களா, அவரே சொல்றாரு" என்றாள்.

வண்டியைக் கிளப்பி நூறு அடி போவதற்குள் அக்கா நிறுத்தச் சொன்னாள். புது வண்டி, பிள்ளையாரைக் கும்பிடாமல் எப்படிப் போவது? கோயில் வாசலில் பூசாரி இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார். எஞ்சினை அணைக்கலாம் என்றார் ஜபருல்லா. "கெளம்பின வண்டிய சூடம் காட்டாம அமத்தக்கூடாதுங்க" என்றாள் அக்கா. எனவே வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. என் கைக்கடிகாரப்படி ஆறு நிமிடம் நாற்பது வினாடி. பூசாரி வந்து சூடம் காட்டினார். பிறகு வண்டி கோயிலை மூன்று சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் எதிரே தண்ணி லாரி வர, சந்து முழுவதும் பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. அக்கா எதிரே தொங்கிய பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ற சாமி, கன்னுக்குட்டி மடிய முட்டி முட்டிக் குடிக்கறாப்பல குடிக்குதே!" என்றாள்.

அங்கிருந்து சின்னியம்பாளையம் வரை ஒரு குறையுமில்லை. சீராக ஓடியது, குலுங்கவில்லை. சென்னகிருஷ்ணன் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் பஸ் ஸ்டாப்பில் உங்கள் பெரியப்பா வழிப் பங்காளி நஞ்சப்பனும் அவர் சம்சாரம் பாவாத்தாளும், காலடியில் ஒரு மூட்டையோடு நின்றிருந்தார்கள். பார்த்தும் பார்க்காதமாதிரி போயிருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். 1971இல் உங்கள் சித்தப்பா ஒருமுறை அப்படிப் போனதற்கு அவர் பேரன் கல்யாணத்துக்குக்கூட அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினாள். அப்புறம் அண்ணியும் கொழுந்தனாரும் பேசியதை நோட்டில் உள்ளபடியே தருகிறேன்.

"ஏனுங் கொழுந்தனாரே, எங்கீங்க போறீங்க?"

"அட, நங்கையாளா! சோமனூருக்குங்க. பஸ்ஸுக்கு நிக்கறமுங்க."

"ஏறுங்க, போலாம்."

"வேண்டாமுங்க, நீங்க ஏதோ சோலியாப் போறீங்க. பஸ்ஸு வந்துருமுங்க."

"பஸ்ஸு கெடக்குது. ஏறுங்கன்னா."

"எடஞ்சலுங்க. மூட்ட வேற இருக்குது."

"என்ன மூட்டைங்க?"

"பருத்திக்கொட்டைங்க, மாட்டுக்கு."

"பருத்திக்கொட்ட என்ன பண்ணப்போகுது? பாவாத்தா, நீ சொல்லு கண்ணு."

"அவரு சொன்னாச் சரிங்க."

"அப்ப நீங்க ஏறலீன்னா நாங்களும் போகலீங்க."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்க. பழி எங்க மேல வந்துருமுங்க."

இவ்வாறு நான்கு நிமிடம். ஒருவருக்கும் கோபமில்லை, எல்லோருக்கும் மரியாதை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு வினாடியும் அடுத்த வினாடி முடிவாகிவிடும் என்றே தோன்றியது. இடையில் அவர்கள் சொன்ன சோமனூர் பஸ்ஸும் வந்து, நின்று, போய்விட்டது. அதன்பிறகுதான் நஞ்சப்பன் ஏறச் சம்மதித்தார்.

பின்சீட்டில் நான்கு பேர் ஆனோம். மூட்டை பின்கதவு வழியாக ஏறியது. சென்னகிருஷ்ணனுக்கு இடமில்லை. அவர் ஒரு கணம் ரோட்டைப் பார்த்தார், பிறகு தானே பின்கதவைத் தூக்கி உள்ளே போய்ப் பருத்திக்கொட்டை மூட்டைமேல் டையோடு உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த பிறகும் உத்தியோகத்தை விடவில்லை. "பார்த்தீங்களா சார், இடவசதி!" என்றார். நஞ்சப்பன் திரும்பி, "தம்பி யாருங்க, கிளீனருங்களா?" என்று கேட்டார்.

அதிலிருந்து கணியூர் வரை வண்டியில் ஏழு பேர், ஒரு மூட்டை, இரண்டு தூக்கு, ஒரு குடம். நீலாம்பூர் மேட்டில் வண்டி முனகியது. அக்காவும் பாவாத்தாளும் விட்ட இடத்திலிருந்து எட்டு வருடக் குடும்பச் செய்தியைப் பேசித் தீர்த்தார்கள். அக்கா முழுக்கப் பின்பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்ததால் எலுமிச்சம்பழம் நழுவிக் காலடியில் உருண்டுகொண்டிருந்ததையும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு பத்துக்கு வண்டி இரண்டு முறை விக்கி, அமைதியாக ஓரம் கட்டியது. ஜபருல்லா பாட்டிலைத் தட்டிப் பார்த்து, "முடிஞ்சுதுங்க, சார்" என்றார். பதினாறு புள்ளி நான்கு.

சோமனூருக்கு இன்னும் தூரம் இருந்ததால், பாட்டிலைக் கழற்றி டாங்கிக் குழாயை மாட்டி, அவர்களை வீட்டிலேயே இறக்கிவிட்டோம். கட்டுச்சோறு அங்கேதான் தீர்ந்தது. சென்னகிருஷ்ணன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "சார், கோயில், பங்காளி, மூட்டை, எல்லாத்தையும் கழிச்சுட்டா இருபதுக்கு மேலயே வரும் சார்" என்றார். வரலாம். ஆனால் வரலாம் என்பது செய்தி இல்லை. வந்தது பதினாறு புள்ளி நான்கு.

வீடு திரும்பும் வழியில் அக்காவிடம் எண்ணைச் சொன்னேன். "அவரு இருவதுன்னு சொன்னாரல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். கோயிலில் நின்ற நேரத்தையாவது கழித்து எழுதட்டுமா என்று, என் வாழ்நாளில் முதன்முறையாக, நானே கேட்டேன். "வேண்டாம் பாலு. இருக்கறத எழுது. அந்த மனுசன ஏமாத்தி வாங்குன வண்டில எனக்கு உக்கார முடியாது. செவ்வந்திய நான் அடுத்த வருசம் பாத்துக்கறேன்" என்றாள். அதற்குமேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனவே இருப்பதை எழுதிவிட்டேன். இருபது இல்லை, மச்சான். பத்தொன்பதரையும் இல்லை. இருந்தாலும் இந்த வேலையை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி. உங்கள் தயவால் மூன்று நாள் மறுபடியும் நிருபராக இருந்தேன். இரண்டு பேனா வாங்கினேன். சோமனூரில் எங்களுக்குக் கிடைத்த மோருக்கும் நீங்களே காரணம். எங்கள் குலதெய்வம் உங்கள் நூலையும் தறியையும் முழங்காலையும் காக்கட்டும். கடைப் பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
பாலுசாமி

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. உறையை ஒட்டப்போகும்போது, ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு, சென்னகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் நீங்கள் முன்பணம் கட்டிப் பதிவுசெய்த படிவம். வாங்குபவர் பெயர் ராசாத்தாள், கணவர் பெயர் வெள்ளியங்கிரி, தேதி மே 19. அதாவது எனக்குக் கடிதம் எழுதுவதற்கு நான்கு நாள் முன்பு. கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "மைலேஜ் சமாச்சாரம் எங்க மச்சினனுக்காக. அவர் பாட்டுக்கு அளக்கட்டும். நீங்க பார்க்க வேண்டியது, வழியில அம்மணிக்கு வாந்தி வருதா இல்லையாங்கறது மட்டும். வரலைன்னா வண்டியை உறுதி பண்ணிடுங்க. இது அவளுக்குத் தெரிய வேண்டாம்." சென்னகிருஷ்ணன் அந்தச் சீட்டைப் படிவத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தியே கொண்டுவந்து, அக்காவிடமே நீட்டிவிட்டார்.

அக்காவுக்கு நேற்று வாந்தி வரவில்லை. போகும்போதும் வரவில்லை, வரும்போதும் வரவில்லை. முப்பத்துநான்கு வருட அனுபவத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்தே கோட்டைவிட்ட செய்தி இது ஒன்றுதான். வருத்தமில்லை மச்சான், சந்தோஷம்தான்.

அக்கா சீட்டை இரண்டுமுறை படித்தாள். "இத என்ற மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருந்தா இவருக்குப் பல்லுக் கொட்டியா போயிரும்?" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னென்ன நிறத்தில் வண்டி வருகிறது என்று சென்னகிருஷ்ணனை விசாரிக்க ஆரம்பித்தாள்.

வண்டி ஜூன் 27, வெள்ளிக்கிழமை காலை கைக்கு வரும் என்று சென்னகிருஷ்ணன் தெரிவிக்கிறார். நிறம் முடிவாகவில்லை. நாளைக்குள் ஆகும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. செவ்வாய்க்கிழமை ரயிலில் அக்காவே கொண்டுவருகிறாள். நீங்கள் கடைசி வரிவரை படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கப் போவதாகச் சொல்கிறாள். எழுத்தில் வேண்டாமாம். அவளிடம் நீங்கள் வாயால் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் பாக்கி. அது அன்று இரவு ஏழு மணிக்குள் எதிர்பார்க்கப்படுகிறது.