இங்கிலீஷில் வந்த அருள்வாக்கு

ஒருவனுக்கு ராக் இசை பிடித்துவிட்டால் கூடவே இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொள்ளும். அது பிடிக்காதவர்கள் மேல் ஓர் இரக்கம். இருபத்தோரு வயதில் எனக்குத் திருச்செங்கோடு வட்டாரம் முழுவதையும் பார்த்து இரக்கமாக இருந்தது. எங்கள் தோட்டத்து எருமைகளைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. அவற்றுக்கும் பாட்டுப் போட்டுக் காட்டினேன். இரண்டு நாள் பால் குறைந்தது என்று அம்மா சொன்னாள். எருமைக்கு ரசனை போதாது என்று எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் எனக்குக் கல்லூரிப் படிப்பு (படித்தேன் என்று சொல்லவில்லை, படிப்பு இருந்தது). ஊரில் தோட்டமும், பம்பாய் லைனில் ஓடும் ஒரு லாரியும். லாரி டிரைவர் பழனியண்ணன் பம்பாயிலிருந்து திரும்பும்போதெல்லாம் எனக்கு நடைபாதைக் கடையில் காசெட் வாங்கிவருவார். "அட்டையில எவனுக்குத் தலைமயிரு நீளமா இருக்குதோ அத எடுத்தாந்தேன் சாமி" என்பார். நானும் அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் தோள் வரைக்கும் முடி வளர்த்தேன். பாடல் வரிகள் புரியாது. காதில் விழுந்ததைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்துகொள்வேன். அதில் 'பேபி' என்ற சொல் உறுதி. மற்றதெல்லாம் உத்தேசம்.

இப்படி இருக்கையில் பெங்களூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் ராக் கச்சேரி நடக்கிறது என்று தெரிந்தது. நண்பனின் அத்தை இறந்துவிட்டதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன் (அந்த நண்பனுக்கு அத்தையே கிடையாது). மேடையில் நான்கு பேர். அவர்களில் ஒருவர்தான் சட்டை போட்டிருந்தார். கிதார்க்காரர் ஒரு கம்பியை இழுத்த இழுப்பு என் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து அதிர்ந்தது. அதுவரைக்கும் காசெட்டில் கேட்டதெல்லாம் பந்தி நடக்கும் வீட்டுக்கு வெளியே நின்று வாசம் பிடித்த மாதிரிதான் என்று தோன்றியது. சுற்றிலும் நின்றவர்கள் தலையை முன்னும் பின்னும் வீசினார்கள். நானும் வீசினேன். அழுதேன் என்றுகூட நினைக்கிறேன். மழை பெய்துகொண்டிருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்தபிறகு ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அம்மா விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டபடி, "எழவு ஊட்டுல அப்படி என்னடா உனக்கு அழுகாச்சி?" என்று கேட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். நானும் மேடை ஏறவேண்டும். அம்மாபேட்டை சேகர் டிரம்ஸ் வாசிப்பான். பீட்டர் கிதார் வாசிப்பான், அல்லது கிதாரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் பாடகன். குழுவுக்கு 'மேக்னசைட்ஸ்' என்று பெயர் வைத்தோம். சேலத்து மண்ணில் கிடைக்கும் தாதுவின் பெயரை உலகம் எங்கள் மூலமாகத் தெரிந்துகொள்ளட்டும் என்ற பெருந்தன்மை. சேகர் வீட்டைச் சுற்றிலும் தறிகள். தறிச் சத்தத்தில் எங்கள் சத்தம் வெளியே தெரியாது என்று நம்பினோம். முதல் நாள் ஒத்திகையில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்களை ரசிக்கத்தான் நிறுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேகரின் அப்பா வந்து பேசியபிறகு ஒத்திகையை ஏரிக்கரைக்கு மாற்றினோம்.

ஆனால் எங்களுக்கு மேடை தர ஒருவரும் முன்வரவில்லை. அப்போதுதான் என் அக்கா சரோஜாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு சேந்தமங்கலம். நல்ல குடும்பம், நிறைய நிலம், நிறைய சொந்தம். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் முடிவு சொல்வது மாப்பிள்ளையின் பெரியப்பா. தலைப்பாகை கட்டிய, அதிகம் பேசாத, சிரிப்பை வீணாக்காத மனிதர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு நல்ல பாட்டுக் கச்சேரி வைக்கவேண்டும்.

அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, சேலத்துல நல்ல குழுவாப் பாத்துச் சொல்லிருவியா?"

"சொல்லிட்டனுங்ப்பா."

"நல்லாப் பாடுவாங்களா?"

"பெங்களூர் ரேஞ்சுங்ப்பா."

"மொதல்ல ஒரு சாமி பாட்டுப் பாடச் சொல்லிரு."

"அதெல்லாம் வருமுங்ப்பா."

வந்தது. அதுதான் பிரச்சினை.

விஷயம் தெரிந்தவள் அக்கா மட்டும்தான். "தம்பி, நீயாடா பாடப்போற?" என்றாள்.

"உன் கல்யாணத்தை ஊரே மறக்காதுக்கா."

"அதாண்டா எனக்கு வெசனமா இருக்குது" என்றாள்.

மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, பொழுது சாய்கிற நேரம். பந்தலில் ஜமக்காளம் விரித்து இரண்டு வீட்டுச் சொந்தபந்தமும் ஒறம்பரைகளும் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் பெரியப்பா. பெண்கள் பக்கம் குழந்தைகளும் வெற்றிலைத் தட்டுகளும். நான் கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட சட்டை, தெருவைக் கூட்டுகிற அளவுக்கு அகலமான பெல்பாட்டம் சகிதம் மேடை ஏறினேன். யாரோ ஒருவர் சத்தமாக, "பொண்ணோட தம்பி எங்க, காணோம்?" என்று கேட்டார். அவருடைய மனைவி என்னைக் காட்டினாள். "அட கெரகமே" என்றார்.

முதல் பாட்டை ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டார்கள். மைக்செட்டை இன்னும் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கிதார்க்காரர்கள் என்னென்னவோ கருவிகள் வைத்து உண்டாக்கும் கரகரப்பை எங்கள் ஊர்க் குழாய் ஸ்பீக்கர் தன் இயல்பிலேயே உண்டாக்கியது. பாட்டு முடிந்ததும் ஒரு பெரியவர், "இப்பச் செரியாப் போச்சுங்களா?" என்று மைக்செட்காரரிடம் அக்கறையாக விசாரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டாவது பாட்டில் பெங்களூரைக் கொண்டுவந்து இறக்குவது என்று தீர்மானித்தேன். சேகர் அடியைக் கூட்டினான். நான் கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன், முடியை முன்னால் தள்ளினேன், இடுப்பை வளைத்துத் தலையை வீச ஆரம்பித்தேன். மேலே, கீழே, சுழற்றி மறுபடி மேலே. பந்தல் அமைதியானது. கடைசியில் கலைக்கு மரியாதை கிடைத்துவிட்டது என்று நினைத்து மேடையில் முழங்காலிட்டு, அப்படியே மல்லாந்து விழுந்து, கைகால்களை உதறினேன். (பெங்களூரில் இதற்குக் கைதட்டல் அள்ளியது.)

"ஐயோ, வலிப்புங்க! இரும்பக் குடுங்க, இரும்பு!"

நாலைந்து பேர் மேடையில் ஏறிவிட்டார்கள். ஒருவர் என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் அரிவாள்மணையையே தூக்கிக்கொண்டு வந்தார். காலை ஒருவர் அமுக்க, தலையை ஒருவர் பிடிக்க, நான் மைக்கை மட்டும் விடவில்லை. 'பேபி, பேபி' என்று என் குரல் குழாய் வழியாக ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது பெரியப்பா எழுந்தார். அப்பாவின் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"ஏனுங் சம்பந்தி, உங்க குடும்பத்துல இந்தச் சீக்கு இருக்குதுன்னு எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

இன்னும் தாலி ஏறவில்லை. விடிந்தால்தான் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரிந்தது. அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நொடியில்தான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம், இது வலிப்பு இல்லீங்க, இதற்கு ராக் என்று பெயர் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ஒரு கை விபூதி வந்து விழுந்தது. அம்மா.

"சீக்கும் இல்ல, கீக்கும் இல்லீங்க!" என்றாள் அம்மா, கூட்டத்தைப் பார்த்து. "எங்க கருப்பணசாமி எறங்கியிருக்குதுங்க! கல்யாணத்துக்குக் கூப்பிட்டு வெச்சோம், வந்துருச்சுங்க!" பிறகு குனிந்து என் காதருகில், "ஆடுறா. நிறுத்துனீன்னா கொன்னுபோடுவேன்" என்றாள்.

ஆடினேன். சேகர் பிழைக்கத் தெரிந்தவன். நிலைமையைப் புரிந்துகொண்டு ராக் அடியை அப்படியே பம்பை அடிக்கு மாற்றினான். சும்மா சொல்லக்கூடாது, ஏரிக்கரை ஒத்திகையில் ஒருநாளும் வராத ஒழுங்கு அன்றைக்கு எங்களுக்கு வந்தது. பீட்டர் கிதாரை ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றான் (அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன்). இரண்டு பாட்டுக்கும் அசையாத கூட்டம் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிலர் காலில் விழுந்தார்கள். எந்தப் பெரிய பாடகனுக்கும் ரசிகர்கள் இந்த மரியாதையைச் செய்திருக்க மாட்டார்கள்.

பெரியப்பா மட்டும் அசையவில்லை.

"சாமின்னா ஏனுங்க இங்கிலீசுல பேசுது?"

அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "பையன் காலேஜ்ல படிக்கறானுங்க. இருக்கற எடத்துப் பாசையிலதானுங்க அதும் பேசும்" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் என்று நினைக்கிறேன். அதையும் எனக்காகச் சொல்லவேண்டி வந்தது.

கூட்டத்திலிருந்து ஓர் ஓய்வு பெற்ற வாத்தியார் எழுந்தார். செத்தோம் என்று நினைத்தேன். "நான் முப்பது வருசம் இங்கிலீசு சொல்லிக்குடுத்தவனுங்க. இவன் பாடுனதுல எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலீங்க" என்றார்.

பெரியப்பா யோசித்தார். "வாத்தியாருக்கே புரியலீன்னா அது மனுசப் பேச்சு இல்லீங்க" என்றவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "சாமி, தோட்டத்துல போட்ட போரெல்லாம் பொய்யாப் போச்சு. எங்க ஓட்டுனாத் தண்ணி வரும்? ஒரு வாக்குக் குடுக்கோணும்."

எனக்குத் தொண்டை முழுக்க விபூதி. மூச்சு அடைத்தது. பந்தலின் ஈசான மூலையில் தண்ணீர்ப் பானை தெரிந்தது. அதை நோக்கிக் கையை நீட்டி, "தண்ணி! தண்ணி!" என்று கதறினேன்.

"ஈசான மூலை" என்றார் பெரியப்பா, கண்கலங்க. "சொல்லிருச்சு."

அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சாமி இறங்கிய முடி சாமிக்குத்தான் சேரவேண்டும் என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். விடியற்காலையில் எனக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசிவிட்டார்கள். பூப்போட்ட சட்டை, பெல்பாட்டம், பளபளக்கும் மொட்டை என்று அக்காவின் கல்யாண ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறேன். மேக்னசைட்ஸ் அத்தோடு கலைந்தது. சேகர் பம்பைக் குழு ஆரம்பித்து நன்றாகவே பிழைத்தான்.

பெரியப்பா, சாமி சொன்னபடியே தோட்டத்தின் ஈசான மூலையில் போர் ஓட்டினார். தண்ணீர் வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, ரிக் லாரிக்காரர்கள் நனைந்து ஓடுகிற அளவுக்கு வந்தது. அடுத்த வாரம் பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, தன் மகளை எனக்குக் கொடுப்பதாகச் சொன்னார். வேலை வெட்டி இல்லாதவனுக்கு அவ்வளவு பெரிய இடத்துப் பெண் கிடைத்தது ராக் இசையால்தான் என்பதை எந்த இசை விமர்சகரும் இதுவரை எழுதவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் என் மனைவி கலாமணியிடம், சாமியாடியின் பெண்டாட்டிக்கு உரிய பயபக்தியை எதிர்பார்த்து, அந்தச் சாயங்காலம் உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ரெண்டாவது பாட்டு சுதியே சேரலீங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அந்தப் பாட்டின் ரெக்கார்டு அவள் தோழியிடம் இருந்ததாம். தேயத்தேயக் கேட்டிருக்கிறார்களாம். ஊர் முழுவதையும் பார்த்து நான் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஜமக்காளத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து இரக்கப்பட்டவள் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"உங்கக்கா மூஞ்சியப் பாத்தனுங்க" என்றாள். "அப்பறம், அன்னைக்கு மேடையில இருந்த ஆளுக்குச் சுதி இல்லைன்னாலும் பயம் இல்லைன்னு தோணுச்சு."

பயத்தில்தான் ஆடினேன் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். சேந்தமங்கலத்தில் யார் போர் ஓட்டினாலும் எனக்கு முதலில் சொல்லியனுப்புகிறார்கள். அக்காவைக் கட்டிய மச்சான் என்னைப் புதிதாக யாருக்கு அறிமுகம் செய்தாலும், "நம்மூட்டு இங்கிலீசு சாமிங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பாட்டைப் போட்டு, கண்ணை மூடி, லேசாக, வயதுக்குத் தகுந்த மாதிரி தலையை ஆட்டுவேன். கலாமணி சத்தமில்லாமல் வந்து ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைப்பாள்.

"ஏனுங்க, இன்னைக்கு எந்த மூலை?"