குதிரை மேல் படாத வெளிச்சம்

ஆண்டவன் கறுப்பு நிறத்தைக் கலக்கியதே தொக்தோசுனின் குதிரைக்குப் பூசத்தான். மிச்சமிருந்ததில்தான் இரவுகளைச் செய்தான். நாரின் என்ற அந்த ஊரே இப்படிப் பேசிக்கொள்கிறது என்று தொக்தோசுன் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் குதிரை இப்போது குபானின் ஸ்டுடியோக் கணினியில் செங்கல் நிறத்தில் நின்றது.

"என்னடா இது?"

"இருட்டுல எடுத்த படம்ணே. தானா வெளிச்சத்தைச் சரிபண்ற பட்டன் ஒண்ணு இருக்கு. அதை அமுக்கினேன்."

"என் குதிரை கறுப்புடா! கரிக்கட்டைக் கறுப்பு! ஞாயித்துக்கிழமை சந்தையில பேனர் கட்டணும். அல்மாட்டியிலேருந்து ஆள் வர்றான் வாங்க. இதைப் பார்த்தா நிப்பானா?"

குபான் பழையபடி மாற்றினான். திரை முழுக்க இருட்டு. நடுவில் இரண்டு கண்கள்.

"குதிரை எங்கடா?"

"இதுதாண்ணே நீங்க எடுத்துக் குடுத்தது."

"அப்ப வெளிச்சம் போடு. குதிரை மேல படாம போடு."

குபான் பல்லைக் கடித்தான். கடை தொக்தோசுனுடையது. இதே இடத்தில் முன்பு செருப்புத் தைத்தவர், தொக்தோசுனின் பூட்ஸைக் கொஞ்சம் இறுக்கித் தைத்த குற்றத்துக்காக இப்போது பஸ் நிலையத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்.

படத்தில் பின்னால் தெரிந்த லாயச் சுவரை ஒதுக்கிவிட்டு, குதிரைக்கு மட்டும் பட்டனை அமுக்கினான். நெற்றியில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் முளைத்தது.

தொக்தோசுனின் முகம் சிவந்தது. அதற்கு எந்தப் பட்டனும் தேவைப்படவில்லை.

"அழிடா அதை!"

அழித்தான். அழித்த இடம் சொட்டையாகத் தெரிந்தது. அதை ஒப்பேற்ற மறுபடி அமுக்கினால், நட்சத்திரம் திரும்பி வந்ததோடு முன்னங்காலில் முழங்கால்வரை ஒரு வெள்ளைக் காலுறை ஏறிக்கொண்டது.

"அடுத்து என்ன, கோடு போட்டு வரிக்குதிரை ஆக்குவியா? சாவியை மேசை மேல வை. நாளைக்கே கடையைக் காலி பண்ணு!"

குபானுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நானே வந்து வெயில்ல நிறுத்தி எடுக்கறேன்னு எத்தனை தடவை சொன்னேன்? 'வெயில் ஆகாது, மழை ஆகாது, அது ராஜபரம்பரை'ன்னுட்டு லாயத்துக்குள்ள நீங்களே போன்ல எடுத்தீங்க. இப்ப என்னைத் திட்டுறீங்க. மெஷினுக்கு உங்க மேல என்னண்ணே பகை?"

"அதுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு! இல்லாததையெல்லாம் காட்டுது!"

"அப்ப ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட் வாங்கிக் குடுங்க. பேனர்லயே அடிச்சுடறேன்!"

தொக்தோசுன் சற்று யோசித்தார். "பெயிண்ட் நிக்காதுடா. உரிஞ்சு வந்துடும்" என்றார், அனுபவஸ்தரைப் போல. பிறகு மறுபடி கத்த ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. சேறு படிந்த பூட்ஸோடு, அக்கம்பக்கத்தில் பார்த்திராத ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"தம்பி, ஒரு நோட்டீஸ் அடிக்கணும். ஆத்பாஷியிலேருந்து வர்றேன். படம் போன்ல இருக்கு."

"கொஞ்சம் உட்காருங்கக்கா. இந்தக் குதிரை முடியட்டும்."

"எந்தக் குதிரை?"

அவள் திரைக்கு அருகே வந்து குனிந்தாள். நெற்றியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

"அட, இதுதான் தம்பி! என் போன்ல இருக்கறதைவிடத் தெளிவா இருக்கே. கீழ 'காணவில்லை'ன்னு மட்டும் போட்டுக் குடுத்துடு."