அசல் வசவு, மண் மணத்துடன்

ஒரு காட்டில், வந்தவரை முதலில் திட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்கள். திட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு பாசம். யாரையாவது பார்த்து "வாங்க, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். இப்படியும் ஒரு காடு இருக்குமா என்று கேட்கிறவர்கள், பாவம், மரியாதையான ஊரில் பிறந்தவர்கள்.

அங்கே மாடக்கண்ணு என்று ஒரு கரடி. திட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவனுக்கு இருந்த ஒரே சிநேகிதன் பிச்சாண்டி என்கிற எறும்புதின்னி. பொழுது சாய்ந்தால் பிச்சாண்டி வந்துவிடுவான்.

"ஏல செத்த மூதி, இன்னுமா உசுரோட அலையுத?" என்பான் கரடி.

"ஒன்னையத் தூக்கிப் போட்டுட்டுத்தாம்ல போவேன், சவமே" என்பான் பிச்சாண்டி.

பிறகு இரண்டு பேரும் ஒரே கரையான் புற்றில் தலையைக் கொடுத்துவிடுவார்கள். மாடக்கண்ணுவுக்கு நாள் என்பதே அந்த ஒரு பொழுதுதான்.

கோமதிநாயகம் என்ற நரியார் டவுனுக்குப் போய்ச் சுற்றுலா படித்துவிட்டுத் திரும்பினார். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு தனித்தன்மை உண்டு, அதைக் கெடுக்காமல் காட்டினால் காடும் பிழைக்கும் நாமும் பிழைக்கலாம் என்று கூட்டம் போட்டுப் பேசினார். நியாயமான பேச்சுதான். பக்கத்துக் காட்டில் அருவி இருந்தது, அதற்கடுத்த காட்டில் யானை இருந்தது. இங்கே வசவு இருந்தது. "அசல் வசவு, மண் மணத்துடன்" என்று போர்டு வைத்தாயிற்று; திட்டுகிற வேலை மாடக்கண்ணுவுக்கு.

பங்களா நாய்களும் பூனைகளும் துணிப்பையும் மூங்கில் குவளையுமாக வந்து இறங்கின. பிளாஸ்டிக் இல்லை, குப்பை இல்லை, ஒரு இலையைக்கூடப் பறிக்கவில்லை. வரிசையில் நின்று திட்டு வாங்கி, செல்பி எடுத்துக்கொண்டு, மனம் நெகிழ்ந்து போயின. மாடக்கண்ணுவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக அலுத்துவிட்டது. வசவையாவது கொஞ்சம் மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தான். பாரம்பரியத்தில் கை வைக்கக் கூடாது என்று நரியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் மூதி, மாலையில் சவம். காட்டில் இலை உதிரலாம், கரடி மட்டும் மாறக் கூடாது.

ஒரு நாள் சாயங்காலம் கடைசிப் பூனையையும் திட்டி அனுப்பிவிட்டு நாக்குத் தள்ளிப்போய்க் கிடந்தான். பிச்சாண்டி வந்து நின்றான். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. அசதியில், "வாங்க, சௌக்கியமா?" என்று வந்துவிட்டது.

பிச்சாண்டி எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "நான் என்னல தப்பு செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பிப் போய்விட்டான்.

அதற்கப்புறம் அவன் வரவே இல்லை. புற்று நிறையக் கரையான் இருந்தும் மாடக்கண்ணுவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. உங்கள் சுற்றுலாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நரியாரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வேலையை விட்டான். நரியார் கோபப்படவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், பிச்சாண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படியும் சொன்னார். அங்கேயே இந்த மடையன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நேரே பிச்சாண்டியின் வளைக்குப் போனான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான். உள்ளேயிருந்து பிச்சாண்டி தலையை நீட்டினான்.

"வெக்கங்கெட்ட சவமே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்து நிக்க? ஒன்னைய நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கலல. உள்ள வந்து தொல."

இப்படி ஒரு வசவை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மாடக்கண்ணு அப்படியே உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதான்.

புதருக்குப் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. துணிப்பையும் குவளையுமாக ஒரு கூட்டம் பூனைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றன. நடுவில் நரியார், உள்ளூர் நட்பின் அசல் வடிவம் இதுதான் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

பிச்சாண்டி கரடியின் காதோரம் வந்தான்.

"ரொம்ப நல்லா அழுதீங்க. நாளைக்கும் வந்துருங்க."

நீதி: யாராவது உரிமையோடு திட்டினால் உடனே உருகிவிடக் கூடாது, முதலில் புதருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.