முப்பத்தேழாம் நம்பர் கால்

"மாடு மிதிச்சது உன் காலையா, கம்பெனி காலையா?" என்று கேட்டான் புருஷன் சின்னசாமி.

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சாணி அள்ளப் போன இடத்தில் பசு ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தது. அங்கே அவளுடைய வலது கால் இருந்தது. அவ்வளவுதான். கட்டைவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டன.

"இன்னிக்குப் பாத்தா மிதிக்கணும்? இன்னிக்கு ட்ரையல்யா!"

"அதுக்கு இன்னா தெரியும், ட்ரையலு கிரையலுன்னு? அது மாடு."

மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் பிடித்து அவள் போகிற ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலை நூல் வெட்டுவது. தைத்து வருகிற தோலில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரிக்க வேண்டும். அந்த வேலையைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேச ஒன்றும் இல்லை. அவள் பேசுவதெல்லாம் தன் காலைப் பற்றித்தான்.

பெண்கள் ஷூவுக்கு அங்கே முப்பத்தேழாம் நம்பர்தான் அடிப்படை அளவு. அந்த அளவுக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல் அமைந்திருந்தது சம்பூர்ணத்தின் கால். புது மாடல் லைனில் ஓட ஆரம்பித்ததும், முதல் ஜோடியை அவள் காலில் மாட்டி, தையல் மிஷின்களுக்கு நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவிடுவார்கள். அதற்குப் பேர்தான் ட்ரையல். எங்கே பிடிக்கிறது, எங்கே லூசு என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சரி என்ற பிறகுதான் மற்ற ஜோடிகள்.

அந்த நேரத்தில் லைனில் இருக்கிற பெண்கள் எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்ப்பார்கள். கல்யாணத்தன்றுகூட சம்பூர்ணத்தை அத்தனை பேர் பார்த்ததில்லை. அந்த ஒரு நடைக்காகத்தான் அவள் காலையில் எழுந்தாள். ட்ரையல் இல்லாத நாட்களெல்லாம் அடுத்த ட்ரையலுக்காகக் காத்திருக்கிற நாட்கள்.

"வீங்கிருக்குன்னு சொல்லிட்டு ஒரு நாள் லீவு போடேன்" என்றான் சின்னசாமி.

"போட்டா? பேக்கிங்ல பூங்குழலின்னு ஒருத்தி இருக்கா. அவளுக்கும் முப்பத்தேழுதான். ஒருவாட்டி அவ நடந்துட்டா, அப்புறம் என்னை எவன் கூப்புடுவான்?"

சுடுதண்ணீரில் கல்லுப்புப் போட்டுக் காலை அமுக்கினாள். வெளியே எடுத்தபோது வீக்கம் கணுக்கால்வரை ஏறியிருந்தது.

சின்னசாமிக்கு மனசு கேட்கவில்லை. பசுவுக்கு மடி வீங்கினால் தடவுகிற களிம்பு டப்பாவை எடுத்து வந்தான். "மாடு பண்ண வேலைக்கு மாட்டு மருந்துதான் கேக்கும்" என்று சொல்லி, கால் முழுக்க அப்பிவிட்டான். கால் கத்தரிக்காய் மாதிரி பளபளத்தது.

பஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் ஜன்னலைத் திறந்தார்கள்.

"யாருக்கா கன்னுக்குட்டிய பஸ்ல ஏத்துனது?" என்றாள் பக்கத்து சீட்டு ஆஃப்ரீன். லைனில் தைக்கிற பெண் அவள். எப்போதும் சம்பூர்ணத்துக்கு இடம் பிடித்து வைப்பாள்.

"வாய மூடுடி" என்று சொல்லிவிட்டு, சம்பூர்ணம் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கம்பெனிக்குள் போனதும் நேராக கேன்டீனுக்குப் போய் ஐஸ்கட்டி கேட்டாள். கட்டைவிரலிலிருந்து குதிகால்வரை வைத்தாள். வலி போனது. கொஞ்ச நேரத்தில் காலே போன மாதிரி இருந்தது. குத்திப் பார்த்தாள். யாரோ வேறொருத்தி காலைக் குத்தின மாதிரி இருந்தது.

ஷூவுக்கு அளவு வெட்டுகிற பேட்டர்ன் மாஸ்டர் நயீம் அகமது புது ஜோடியோடு வந்தார். காப்பிக் கொட்டை நிறம், ஓரத்தில் இரட்டைத் தையல். இந்த வீங்கின கால் இதற்குள் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே சம்பூர்ணம் காலை நீட்டினாள். ஆனால் களிம்பு தன் வேலையைச் செய்தது. கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"எங்கம்மா பிடிக்குது?" என்றார் நயீம் பாய்.

அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னால் சந்தேகப்படுவார். அவள் எப்போதும் ஏதாவது ஒன்று சொல்கிறவள்.

"குதிகால்ல கொஞ்சம், பாய்."

அவர் குதிகால் பக்கம் வைத்திருந்த பஞ்சில் கொஞ்சம் உருவினார். "இப்போ?"

"இன்னும் கம்மி பண்ணலாம்."

மிச்சத்தையும் உருவினார். "இப்போ?"

"இப்போ கரெக்ட், பாய்" என்றாள் சம்பூர்ணம், மரத்துப்போன காலைப் பார்த்துக்கொண்டே.

லைனின் அந்தக் கோடியில், வேலையை மேற்பார்க்கும் டேனியல் சார் டீ டம்ளரோடு நின்றிருந்தார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தலைகள் குனிந்தன. சம்பூர்ணம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பித்தாள். முதல் மிஷின் தாண்டினாள். ஆஃப்ரீனின் மிஷினையும் தாண்டினாள். டேனியல் சாரை நெருங்கியதும், எப்போதும் செய்கிற மாதிரி சட்டென்று ஒரு திருப்பம் திரும்பினாள்.

கால் திரும்பியது. ஷூ திரும்பவில்லை. அது நேராகப் போய் டீ டம்ளரில் மோதி, டீயோடு சேர்ந்து டேனியல் சாரின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் லைன் முழுக்கச் சிரித்தது.

"இன்னாம்மா இது? காலு ஏன் இப்படி இருக்கு?" என்று கத்தினார் டேனியல் சார்.

வெறும் கால் எல்லார் கண்ணுக்கும் முன்னால் வீங்கிப்போய்க் கிடந்தது. மாடு என்று சொன்னால் பூங்குழலி வந்துவிடுவாள். சம்பூர்ணத்துக்கு அழுகை முட்டியது. அழுகையோடு ஒரு பொய்யும் வந்தது.

"இப்பத்தான் சார் வீங்கிச்சு! நடந்து வர்றப்பவே! இவங்கெல்லாம் மிஷின நிறுத்திட்டு என் காலையே பாக்குறாங்க சார். எத்தினி கண்ணு! ஒருத்தி கண்ணு மாதிரி ஒருத்தி கண்ணு இருக்குமா?"

சிரிப்பு நின்றுபோனது.

"நஜர், திருஷ்டிதான்" என்று தனக்குள் முணுமுணுத்தார் நயீம் பாய்.

டேனியல் சார் இதையெல்லாம் நம்பாதவர். ஆனால் கம்பெனி வாசலில் பூசணிக்காய் கட்டச் சொன்னவரும் அவர்தான். சட்டையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"சரி. இனிமே ட்ரையல் உள்ள சாம்பிள் ரூம்ல. கதவச் சாத்திக்கிட்டு. லைன்ல எவளும் தலையத் தூக்கக் கூடாது."

சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கால் தப்பியது. லைன் பக்கம் மட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீக்கம் வடிந்த பிறகு அடுத்த மாடல் வந்தது. சாம்பிள் ரூமில் நாலு எட்டு வைத்தால் சுவர். திரும்பினால் மறுபடி நாலு எட்டு, கதவு. நயீம் பாய் ஷூவை மட்டும் பார்த்தார். டியூப்லைட் முனகிக்கொண்டிருந்தது.

"சரியாம்மா?"

"சரி பாய்."

முடிந்துவிட்டது. கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி நூல் வெட்ட உட்கார்ந்தாள். முந்தியெல்லாம் ட்ரையல் முடிந்த அன்று சாயங்காலம்வரை உள்ளுக்குள் ஏதோ பாடிக்கொண்டிருக்கும். அன்று ஒன்றும் பாடவில்லை. கதவுக்கு வெளியே மிஷின்கள் நிற்காமல் ஓடின சத்தம்தான் காதில் இருந்தது.

அதற்கடுத்த ட்ரையலும் அப்படியே போனது. சம்பூர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. டேனியல் சாரிடம் போய் நின்றாள்.

"சார், பழையபடி லைன்லயே நடக்கறேன் சார். கண்ணெல்லாம் இப்போ சரியாயிடுச்சு."

"வேணாம்மா. நல்ல ஐடியா குடுத்த நீ. இப்போ மிஷினே நிக்கறதில்ல. வேலை ஜாஸ்தி ஆவுது. மேலேர்ந்து பாராட்டுறாங்க. எல்லா லைனுக்கும் இதேதான்னு ஆர்டர் போட்டாச்சு."

சாயங்காலம் பஸ்ஸில் ஆஃப்ரீன் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமாடி?"

"இல்லக்கா."

"லைன்ல யாருமே எங்கிட்ட சரியாப் பேசறதில்ல."

ஆஃப்ரீன் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

சம்பூர்ணம் குரலைத் தாழ்த்தினாள். "மாடு மிதிச்சதுடி அன்னிக்கு."

"தெரியும். பஸ்ஸு பூரா நாறுச்சே."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? நீ அழுதுட்டு நின்ன."

பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியது. மன்னிப்புக் கேட்க சம்பூர்ணத்துக்கு வேறு வழி தெரியவில்லை.

"இன்னிக்கு சார்கிட்ட கேட்டேன்டி, உங்களுக்காக. பழையபடி லைன்ல நடக்கறேன், பாவம் எல்லாரும் ஆசையாப் பாப்பாங்கன்னு. முடியாதுன்னுட்டாரு. இனிமே என் காலப் பாக்க உங்களுக்குக் குடுத்து வைக்கல, நான் இன்னா பண்ணட்டும்?"

ஆஃப்ரீன் அப்போதுதான் திரும்பினாள்.

"உன் கால யாருக்கா பாத்தா? வருசம் பூரா நான் ஒரே ஒரு பட்டையத்தான் தைக்கிறேன், அது முழு ஷூவா ஆயி நடந்து போறத நான் பாத்ததே அந்த ஒரு நேரந்தான்."