சகலை காரில் ஒட்டிய மஞ்சள் சீட்டு

"கடைசி வரைக்கும் போராடுவேன்!" என்று பரிசீலனையார் சபதம் செய்தபோது அவர் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பொய் சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்குவதே கிடையாது. உத்தியோகம் அப்படி.

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு அவர் பொறுப்பு. தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கலாக வருகிறது, நிற்காமல் வருகிறது என்று எந்தப் புகார் வந்தாலும் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி எழுதி, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுவார்கள். வீட்டில் முகத்துக்கு நேராகவே.

சபதத்துக்குக் காரணம் ஒரு மஞ்சள் சீட்டு. அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. வீட்டுக்கு ஒரு கார் இலவசம். விருந்தாளி கார் என்றால் மணிக்கணக்கில் வாடகை. கோட்டை மிதித்தால் அபராதம். மனைவியின் அக்கா கணவர், அதாவது பரிசீலனையாரின் சகலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்துவிட்டுச் சாயங்காலம் கீழே இறங்கினால், கார் கண்ணாடியில் மஞ்சள் சீட்டு. முன்சக்கரம் கோட்டின் மேல் நின்றதாம். கோடு எங்கே என்று குனிந்து தேடினார்கள். அது எந்தக் காலத்திலோ அழிந்து போயிருந்தது. சகலை தொகையைப் பார்த்தார். கட்டடத்தைப் பார்த்தார். சீட்டைப் பரிசீலனையாரின் மனைவி கையில் திணித்தார்.

"இனிமே இந்த வாசலை மிதிச்சா ஏன்னு கேளுங்க தம்பி!" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போனவர்தான்.

அநியாயம். அதில் பரிசீலனையாருக்கே சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றனவே, அடடா!

சகலை நல்ல மனிதர்தான். என்ன, உலகத்தில் எல்லாவற்றையும் செய்வதற்கு ஒரே ஒரு சரியான முறை உண்டு என்றும், அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்றும் நம்புகிறவர். "தம்பி, ஃபேனை மூணுல வைக்காதீங்க, நாலுல வைங்க." "தம்பி, இந்தச் செருப்பு என்ன விலை? ஐயோ, நல்லா ஏமாந்துட்டீங்க!" குழாயை எப்படி மூட வேண்டும் என்று குடிநீர் அலுவலகத்துக்காரருக்கே பாடம் எடுத்தவர் அவர். வந்து நுழைந்ததும் சாய்வு நாற்காலி அவருக்கு, செய்தித்தாள் அவருக்கு, டிவி ரிமோட்டும் அவருக்கு. வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் முக்காலியும், நாள் முழுக்கத் தலையாட்டும் வேலையும்.

இப்போது அந்த நாற்காலியில் பரிசீலனையாரே காலை நீட்டிப் படுத்திருந்தார். மடிப்புக் கலையாத பேப்பரை முதல் ஆளாகப் பிரிக்கும் அந்தச் சத்தத்துக்கு ஈடு உண்டா? பார்க்கிங் காவலாளியைப் பார்க்கும்போதெல்லாம் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

அந்தச் சுகத்தில்தான் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கல்லைத் தூக்கிப் போட்டாள்.

"ஏங்க, அத்தான் ஃபைன் விஷயம் என்ன பண்றது?"

"எந்த அத்தான்?"

"எனக்கு எத்தனை அத்தான் இருக்காங்க? பேப்பரைக் கீழ வைங்க."

வைத்தார்.

"நம்ம வீட்டுக்கு வந்த மனுஷன் நம்ம வாசல்ல அவமானப்பட்டுப் போயிருக்கார். அக்கா போன் பண்ணா பாதிப் பேச்சுல வச்சுடறா. நாம கேக்க வேணாமா?"

"கேக்கணும், கேக்கணும். கண்டிப்பா கேக்கணும்."

"யாரு கேக்கறது? நான் போகட்டுமா?"

அங்கேதான் பரிசீலனையாருக்கு மூளையில் விளக்கெரிந்தது. இவள் போனால் காரியம் முடிந்துவிடும். தானே எடுத்துக்கொண்டால்? ஒரு புகாரை வலிக்காமல் கொல்வதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா? உடனே எழுந்து நின்றார். மார்பில் கைவைத்தார். அப்போது செய்ததுதான் அந்தச் சபதம்.

"இது இனிமே என் கேஸ். நீ தலையிடாதே!"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கத்தரிக்காயைத் திருப்பிப் புழு இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. "சரி" என்றாள்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினார். பக்கம் பக்கமாக எழுதினார். வாகனங்கள் பெருகிய வரலாறு இருந்தது. மனித நேயம் இருந்தது. கார் நம்பர் மட்டும் இல்லை. தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை. யாருக்கு என்ற இடத்தில் "உரிய அதிகாரி" என்று போட்டார். அப்படிப்பட்ட ஒருவர் எந்த அலுவலகத்திலும் இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தார். அந்த வரியைக் கண்ட இடத்தில் யாரும் எதையும் செய்வதில்லை என்பதும் தெரியும்.

ஆனாலும் கம்பெனி கெட்டிக்காரக் கம்பெனி. எழுதியது யார் என்று காவலாளியிடம் விசாரித்து, கார் நம்பர் என்ன என்று கேட்டுப் பதில் போட்டது. எந்த விதியின்படி நம்பர் கேட்கிறீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு சத்தமில்லை. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க, கேஸ் எப்படிப் போகுது?"

"பரிசீலனையில இருக்கு."

"அவங்ககிட்டயா, உங்ககிட்டயா?"

"பெரிய விஷயம்மா இது. அவசரப்பட்டா கேஸ் கெட்டுப் போயிடும்."

"ஆமாமா. கெடாம பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். முணுமுணுப்பு இல்லை. பாத்திரம் உருளவில்லை. கல்யாணமான எந்த ஆணும் இந்த இடத்தில் உஷாராகியிருக்க வேண்டும். பரிசீலனையார் விளையாட்டுச் செய்திப் பக்கத்தைப் பிரித்தார்.

சனிக்கிழமை அலுவலகம் விட்டு வந்தவரை, என்றைக்கும் இல்லாத மரியாதையாகக் காவலாளி எழுந்து வரவேற்றான்.

"அம்மா மேல போயிட்டாங்க சார். எங்க பார்க்கிங் மேனேஜர் இப்பதான் தண்ணி குடிச்சார்."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். காலைல ஒரு பை பச்சைப் பட்டாணியோட வந்தாங்க. மேனேஜர் மேஜைக்கு எதிர்ல உக்காந்து உரிச்சுக்கிட்டே இருந்தாங்க. வேற ஒண்ணும் பேசல சார். 'அந்தக் கோட்டை எனக்குக் காட்டுங்க, நான் போயிடறேன்' அவ்வளவுதான். பணம் கட்ட வந்தவங்க எல்லாரும் பணத்தைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, எங்களுக்கும் காட்டுங்கன்னு நின்னுட்டாங்க. மேனேஜர் டார்ச் எடுத்துட்டு வந்து தரையெல்லாம் தேடினார். பாவம், கோடு இருந்தாத்தானே!"

பரிசீலனையார் லிஃப்டை மறந்து படியேறினார். மனைவி கூடத்தில் உட்கார்ந்து கடைசிப் பட்டாணியை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபைன் ரத்து" என்றாள் நிமிராமல்.

"எ... எப்படி?"

"சாப்பிடறப்ப நீங்கதானே சொல்வீங்க? எழுதிப் போட்ட புகாரைத் தூங்க வச்சுடலாம், எதிர்ல வந்து உக்காந்துட்டு எந்திரிக்காத பொம்பளையை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. கல்யாணம் ஆனதுலேருந்து ட்ரெய்னிங் குடுத்திருக்கீங்க. வீணாப் போகலாமா?" ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். "நீங்க எழுதினதையும் மேனேஜர் காட்டினார். எழுத்து குண்டு குண்டா அழகா இருந்துச்சு."

பரிசீலனையார் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தான்கிட்ட சொல்லிட்டேன். முழுக்க நீங்க போராடி வாங்கினதுன்னுதான் சொன்னேன். மனுஷர் போன்லயே உங்களை வாயாரப் புகழ்ந்தார். நாளைக்குக் காலை டிபனுக்கே அக்காவும் அவரும் வந்துடறாங்க."

"அது சரி, ஆனா வாடகை?" என்று கடைசித் துரும்பைப் பிடித்தார் இவர். "விருந்தாளி வாடகை அப்படியேதானே இருக்கு? மணிக்கணக்குல ஏறுமே. பாவம், அவருக்கு எதுக்கு வீண் செலவு?"

"அதையும் பேசியாச்சு. வீட்டுக்கு ஒரு கார் இலவசம். அது எந்தக் கார்னு விதி சொல்லலை. இனிமே ஞாயித்துக்கிழமை ஆனா, நம்ம இடத்துல அத்தான் கார்."

"அப்ப நம்ம கார்?" பரிசீலனையார் துள்ளி எழுந்தார். "தெருவுல நிறுத்தினா கீறிட்டுப் போயிடுவாங்க! முடியவே முடியாது!" முதல் தடவையாக அவர் குரல் நடுங்கியது. சொன்னது அத்தனையும் உண்மை.

"அதை எதுக்கு நிறுத்தணும்?" மனைவி பட்டாணித் தோலை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாலு பேரும் நாள் முழுக்க அதுலதானே ஊர் சுத்தப் போறோம். நீங்க ஓட்டுங்க. அத்தான் முன் சீட்ல உக்காந்து எப்படி ஓட்டணும்னு சொல்லித் தரேன்னிருக்கார்."