செவலையின் காதில் இருந்த சாவி

வாசகப் பெருமக்களே, சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் நீங்கள். ஆகவே கவனமாகக் கேளுங்கள். உலகில் ஒரு பொருள் தொலையாமலிருக்க ஒரே வழி, அதன் காதைத் துளைத்து மஞ்சள் வில்லை மாட்டுவதுதான் என்று நம்பிய மனிதர் ஒருவரே. அவரோடு ஒரே கூரையின்கீழ் வேலை பார்க்கும் பேறு எனக்கு வாய்த்தது.

ஊர் கேரள எல்லைக்குள் தமிழ் பேசும் வடகரப்பதி, கூரை எங்கள் பால் சங்கத்தினுடையது. காப்பீடு செய்த மாடுகளின் காதில் எண் வில்லை மாட்டுவது அவர் பணி. அதனால் ஊர் அவருக்குக் கம்மல் என்று பெயரிட்டது. பெற்றோர் இட்ட பெயரை அவர் மனைவியே மறந்திருக்கக்கூடும். குடையில் வில்லை, சைக்கிளில் வில்லை, சோறு கொண்டுவரும் தூக்குப்போசியிலும் வில்லை. "வில்லை இல்லீன்னா க்ளெய்மும் இல்லீங்க அம்மிணி" என்பது அவருடைய வேதம்.

நானோ கல்லூரி மேடைகளில் எதிரணிகளை வாயடைக்கச் செய்து கோப்பைகளை அள்ளியவள். அங்கே தற்காலிகக் கணக்கராகச் சேர்ந்த வாரமே சங்கத்துக்கு ஒரு மடிக்கணினி வந்தது. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டவள் நான். மெலிவென்றால் அப்படியொரு மெலிவு! மேலே நாளிதழைப் பரப்பினால், கீழே ஒன்றுமில்லை என்று நீங்களே சத்தியம் செய்வீர்கள். பால் ஊற்றுவோரும் தீவனம் வாங்குவோருமாக ஊரே புகுந்து புறப்படும் அறை அது. கணினி போனால் என் வேலையும் அதன் பின்னாலேயே போய்விடும்.

"உடுங்க அம்மிணி, நா பாத்துக்கறேன்" என்றார் கம்மல்.

கோவையிலிருந்து பூட்டுக் கம்பி ஒன்று வாங்கி வந்தார். அதன் முனையைச் செருகக் கணினியில் துளை வேண்டும். மெலிவின் பெருமைக்காக அதைச் செய்தவர்கள் துளையையே துறந்திருந்தார்கள். கம்மல் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஏனுங்க, காதே இல்லாமப் பொறந்திருக்குதுங்களே!" மறுநாள் வில்லை மாட்டும் இடுக்கியோடு வந்து நின்றார். கணினியை மார்போடு அணைத்தபடி அன்று நான் ஆற்றிய உரைக்கு நடுவர் இல்லாமற் போனது தமிழுக்கு இழப்பு.

அடுத்தது மாட்டுக் கயிறு. மேசைக் காலோடு சேர்த்து நாலு முடிச்சு.

"எதுக்குங்ணா நாலு?"

"மூணு போட்டாத் தாலி ஆயிப்போயிருமுங்க."

பிறகு மூடியில் ஒரு மாட்டு மணி. நான் கணினியைத் திறக்கும்போதெல்லாம் மணி ஒலிக்க, பக்கத்துத் தொழுவத்துக் கன்றுகள் தாய் வந்துவிட்டதென்று கதறின. "அம்மிணி, உள்ளாற என்னத்தக் கறக்கறீங்க?" என்று பால் ஊற்ற வந்தவர்கள் விசாரித்தார்கள்.

கடைசியில் இரும்புப் பெட்டி ஒன்று செய்வித்து, பெட்டியை மேசையோடும் மேசையைத் தரையோடும் முடுக்கினார். மாலையானால் கணினி உள்ளே. பெட்டியின்மேல் எண் பூட்டு. எண்ணை அடிக்கடி மாற்றுவார். ஒவ்வொரு முறையும் அவருடைய மாடுகளில் ஏதேனும் ஒன்றன் வில்லையின் கடைசி நான்கு இலக்கங்கள். எது என்று எனக்குச் சொல்லமாட்டார். "உங்களுக்குப் பேசற வாயுங்க." நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவரும் மனப்பாடம் செய்வதில்லை. "நெனப்புல வெச்சா மறந்துபோகுமுங்க. காதுல வெச்சா எங்கீங்க போகும்?"

போயிற்று.

ஒரு திங்கட்கிழமை நண்பகல், சங்கத்தின் பொருள்களைச் சரிபார்க்க அதிகாரி வருவதாகத் தகவல். பொருள் கண்ணில் படாவிட்டால், பொறுப்பாளர் வீட்டுக்குப் போகலாம் என்பது அவருடைய வழக்கம். காலையில் கம்மல் பூட்டின்முன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்னாச்சுங்ணா?"

"சனிக்கெழம மாத்துன நம்பருங்க. செவலை காதுல இருக்குது."

"செவலை எங்கீங்ணா?"

"நேத்து வித்துப்போட்டனுங்க."

நிலைமையைச் சபைமுன் வைக்கிறேன். மாடுகளின் எண் பதிவு கணினிக்குள், கணினி பெட்டிக்குள், பெட்டியின் எண் செவலையின் காதில், செவலையோ தன் காகிதங்களோடு எல்லை தாண்டி வேறொரு மாநிலத்தில்!

பூட்டை அறுத்துவிடலாம் என்றேன். "பொறி பட்டா உள்ளாற தோசையாட்டம் வெந்துபோயிருமுங்க." மாட்டை வாங்கியவருக்குத் தொலைபேசியில் பேசினோம். "வித்த மாட்டோட காதுல உனக்கென்னய்யா சோலி?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

கம்மல் வண்டியோட்ட, வேலந்தாவளம் எல்லைச் சோதனைச்சாவடியைக் கடந்து, மாட்டை வாங்கியவரின் தோட்டத்தை அடைந்தோம். வாங்கியவர் வழிமறித்தார். "அழுதுக்கிட்டே வித்தவன் இவன். திருப்பிக் கேக்கத்தான் வந்திருக்கறான்."

என் தருணம் வந்தது. உடைமை வேறு, பார்வையிடும் உரிமை வேறு என்று தொடங்கி, காது மாட்டினுடையதே ஆயினும் எண் பொதுவுடைமையே என்று நிறுவி முடித்தேன்.

அவர் கம்மலிடம் திரும்பினார். "இந்தப் புள்ளைக்கு என்னாச்சு?"

"மேடையில பேசறவங்கங்க" என்றார் கம்மல், நோயின் பெயரைச் சொல்வதுபோல.

அவர் உடனே வழிவிட்டார். இரக்கத்தால் நான் வென்ற வழக்கு அது ஒன்றுதான்.

செவலை தீவனத்தை விட்டுவிட்டு வந்து, கம்மலின் தோளில் தலையைச் சாய்த்தது. அவர் காதை விரித்தார். எண்ணைப் படிக்கவில்லை.

"உண்ணிங்க! ஒரே நாள்ல உண்ணி ஏறியிருக்குதுங்க!"

"அண்ணா, நம்பரு!"

"இருங்க அம்மிணி. மொதல்ல இத எடுத்துர்றேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் பிழைப்பு ஒரு பசுவின் காதோரம் ஊசலாடிக்கொண்டிருந்தது. அவரோ உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொன்றுக்கும் தோட்டக்காரரை ஒரு முறை முறைத்து, செவலையின் கழுத்தை நெடுநேரம் தடவிக்கொடுத்து, அதன்பிறகே எண்ணைச் சொன்னார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அதிகாரியின் ஜீப் வாசலில் நிற்கவும் பூட்டு திறக்கவும் சரியாக இருந்தது. கணினி உள்ளே குளிர்ந்து, மெலிந்து, பத்திரமாகப் படுத்திருந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அதிகாரி பெட்டியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார். "இது கொள்ளாமல்லோ! நம்மட ஆபீசிலும் ஒண்ணு வேணம்" என்று மலையாளத்தில் மெச்சினார்.

மாலையில் கம்மல் புது எண் வைத்தார். இம்முறை வெள்ளச்சியின் காதாம். அவரைக் கிழித்துத் தொங்கவிடும் உரை ஒன்று என்னிடம் ஆயத்தமாக இருந்தது. ஆனால் அவர் கட்டைவிரல் நகத்தில் உண்ணியின் கறை இன்னும் இருந்தது. முன்னுரை, முடிவுரை எல்லாம் எனக்கு மறந்துபோயின.

"வெள்ளச்சியையும் வித்துட்டா என்ன பண்றதுங்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

பால் ஊற்ற வந்தவர்கள் அத்தனைபேர் முன்னிலையிலும், பெட்டியின்மேல் கைவைத்து, அவர் உரக்கச் சொன்னார்: "இனி எந்த மாட்ட விக்கறதா இருந்தாலும், மொதல்ல இங்க கூட்டியாந்து, உங்களுக்குக் காதக் காட்டிப்போட்டுத்தானுங்க விப்பேன், அம்மிணி."